கடல் கழுவித் தராது

சென்னை ஆறுகளைப் பற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அண்மையில் எழுதிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை, இதற்குப் பதில் எழுதாமல் விட்டால் இதுவே நாளைக்கு அரசாணையாக மாறிவிடும் என்ற பயம் வந்தது.

அவர் சொல்வதன் சாரம் இதுதான். அடையாறு, கூவம் இரண்டின் முகத்துவாரங்களையும் அடைக்கும் மணலை வெட்டி எடுக்க வேண்டும்; தூண்டில் வளைவுகள் கட்டி ஆற்றின் வாயை ஆண்டு முழுவதும் திறந்து வைக்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறை ஏறி வற்றும் ஓதம் கழிவுநீரைக் கடலுக்கு இழுத்துச் சென்றுவிடும். கடல் அதைக் கரைத்துவிடும். பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம் என்று பல்லாயிரம் கோடியைக் கொட்டத் தேவையில்லை. கரையோரக் குடிசைகளை மட்டும் அகற்றிவிட்டால் மிச்சத்தை இயற்கை பார்த்துக்கொள்ளும். மீனவர்கள் எழுப்பும் புகார் உணர்ச்சிவசப்பட்டது, அறிவியல் அல்ல.

அறிவியல் என்ற சொல்லை அவரே எடுத்துவிட்டதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

சென்னைக் கடலில் பௌர்ணமி, அமாவாசை நாட்களில்கூட நீர் ஏறி இறங்கும் உயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். மற்ற நாட்களில் அதைவிடக் குறைவு. மும்பையில் அது நான்கு மீட்டரைத் தாண்டும், காம்பே வளைகுடாவில் பத்து மீட்டரைக்கூடத் தாண்டும். இந்த ஒரு மீட்டரை நம்பித்தான் ஒரு மாநகரத்தின் கழிவை ஒப்படைக்கச் சொல்கிறார். 42 கிலோமீட்டர் நீளமுள்ள அடையாற்றில் கடல்நீர் ஏறுவது கடைசிச் சில கிலோமீட்டருக்குத்தான். திருநீர்மலை, அனகாபுத்தூர், பொழிச்சலூர், மணப்பாக்கம் பக்கம் ஆற்றில் விழும் சாக்கடை எந்த ஓதத்தையும் கண்ணால் பார்க்காது. அது மெல்ல நகர்ந்து சைதாப்பேட்டையையும் கோட்டூர்புரத்தையும் கடந்து முகத்துவாரத்துக்கு வந்து சேரும்போது அங்கே காத்திருப்பது ஒரு மீட்டர் ஏற்றம். ஏற்றத்தில் அது பின்னால் தள்ளப்படுகிறது, வற்றத்தில் கொஞ்சம் முன்னால் வருகிறது, அடுத்த ஏற்றத்தில் மறுபடி உள்ளே போகிறது. கழிமுகத்தில் கழிவுநீர் நடத்தும் பயணம் பெரும்பாலும் இந்த ஊசலாட்டம்தான்.

சரி, நம் ஓதம் சிறியது, பெரிய ஓதமாக இருந்தால் கழுவிவிடுமா? அதற்கும் வரலாறு பதில் சொல்லிவிட்டது. லண்டன் பாலத்தருகே தேம்ஸ் ஆற்றின் ஓதம் ஏழு மீட்டர் வரை ஏறும். நம்முடையதைப்போல ஏழு மடங்கு. அதன் வாயை அடைக்க மணல்மேடும் கிடையாது. அப்படியிருந்தும் 1858 கோடையில் அந்த ஆறு நாறிய நாற்றத்தில் கரையில் இருந்த நாடாளுமன்றமே தடுமாறியது. ஏழு மீட்டர் ஓதம் லண்டனின் மலத்தை மேலும் கீழுமாக அலைக்கழித்ததே தவிர அகற்றவில்லை. பிறகு ஜோசப் பேசல்கெட் பெருங்குழாய்களைப் பதித்து அந்தக் கழிவை நகரத்துக்குக் கிழக்கே பெக்டன், கிராஸ்னஸ் என்ற இடங்களுக்குக் கொண்டுபோய்க் கொட்டினார். நகரத்தின் நடுப்பகுதி தப்பித்தது. ஆறு தப்பவில்லை. 1957இல் தேம்ஸின் ஓதப் பகுதியில் உயிர்கள் வாழ வழியில்லை என்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் அறிவித்தது. அதற்குப் பின்னர் சுத்திகரிப்பு நிலையங்களைப் பெரிதாக்கி, நவீனப்படுத்தி, கழிவைச் சுத்தம் செய்து விட்டபிறகுதான் மீன்கள் திரும்பின. ஏழு மீட்டரால் முடியாததை நம் ஒரு மீட்டர் எப்படிச் செய்யும் என்பதைக் கட்டுரையாளர் விளக்கியிருக்க வேண்டும். ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்றையும் அவர் விட்டுவிட்டார். ஒரு பொறியாளர் இதை விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. கடல்நீர் ஆற்று நீரைவிடக் கனமானது. அது உள்ளே வரும்போது சாக்கடையோடு கலந்து அதை அடித்துச் செல்வதில்லை. அடியில் நுழைகிறது, சாக்கடை மேலே மிதக்கிறது. மேலே போர்வையாகக் கிடக்கும் அந்தக் கருநீர் அடியிலுள்ள நீருக்குக் காற்று போகாமல் தடுக்கிறது. அடியில் ஆக்சிஜன் தீர்ந்ததும் அங்குள்ள நுண்ணுயிர்கள் வேறொன்றைத் தேடுகின்றன. கடல்நீர் கொண்டுவரும் சல்பேட்டில் அது தாராளமாகக் கிடைக்கிறது; ஒரு லிட்டர் கடல்நீரில் இரண்டரை கிராமுக்கு மேல் சல்பேட் இருக்கிறது. கழிவிலுள்ள கரிமப் பொருளைத் தின்னும் அந்த நுண்ணுயிர்கள் சல்பேட்டை ஹைட்ரஜன் சல்பைடாக மாற்றுகின்றன. கூவத்தின் குறுக்கே உள்ள நேப்பியர் பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்த வைக்கும் அந்த அழுகிய முட்டை நாற்றம் அதுதான். நன்னீரில் ஓடும் சாக்கடையைவிடக் கழிமுகத்துச் சாக்கடை கடுமையாக நாறுவதற்குக் காரணம் கடல்நீர் அங்கே வருவதுதான். சாக்கடையை நிறுத்தாமல் வாயை மட்டும் அகலத் திறந்தால் அந்த வாயு உருவாகத் தேவையான மூலப்பொருளை நாளுக்கு இரண்டு முறை நாமே ஊற்றுகிறோம். மீன் குஞ்சுகளையும் இறால் குஞ்சுகளையும் கொல்ல அந்த வாயு மிகச் சிறிய அளவில் கரைந்திருந்தாலே போதும்.

அடுத்தது, கடல் பெரியது, கரைத்துவிடும் என்ற வாதம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் வெளியிட்ட அறிக்கையில், ஆவடி முதல் சத்யா நகர் வரையிலான கூவத்தில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன், லிட்டருக்கு 345 மில்லிகிராம் என்று பதிவாகியிருந்தது. நாட்டிலேயே மிக மோசமான ஆற்றுப் பகுதி என்ற பெயர் கூவத்துக்கு அப்படித்தான் கிடைத்தது. குளிக்கத் தகுந்த நீரில் இந்த அளவு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நம் கடலின் வெப்பத்தில் ஒரு லிட்டர் உப்புநீர் தன்னுள் வைத்திருக்கக்கூடிய ஆக்சிஜன் 6 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். ஆக, அந்த ஆற்று நீரில் ஒரு லிட்டரின் பசியை அடக்க ஐம்பது லிட்டருக்கும் மேற்பட்ட கடல்நீர் தன் ஆக்சிஜன் முழுவதையும் இழக்க வேண்டும். அந்த ஐம்பது லிட்டரில் வாழும் மீனும் நண்டும் எதைச் சுவாசிக்கும்?

நுண்ணுயிர்க் கணக்கு இன்னும் மோசம். சுத்திகரிக்காத சாக்கடையில் 100 மில்லிலிட்டருக்கு மலக் கோலிஃபார்ம் பாக்டீரியா ஒரு கோடி அளவில் இருப்பது சாதாரணம். குளிக்கவும் மீன்பிடிக்கவும் உரிய கடல்நீருக்கு நம் அரசு வைத்திருக்கும் வரம்பு 100. ஒரு லிட்டர் சாக்கடையை அந்த வரம்புக்குள் கொண்டுவர ஒரு லட்சம் லிட்டர் சுத்தமான கடல்நீர் வேண்டும். அந்தக் கடல்நீர் சாக்கடை விழும் இடத்துக்கு அந்த நொடியே வந்தாக வேண்டும். நம் ஆறுகள் கழிவைத் தள்ளுவது ஆழ்கடலில் இல்லை, அலை உடையும் இடத்தில், இடுப்பளவு நீரில். அங்கே விழும் நீர் கரையை விட்டு விலகிப் போவதில்லை, கரையை ஒட்டியே நகர்கிறது. தெற்கிலிருந்து வடக்கே போகும் தெண்டி நீரோட்டம் ஓடும் மாதங்களில் அடையாற்றின் கழிவு வடக்கே சீனிவாசபுரம், நொச்சிக்குப்பம், மெரினா என்று போகிறது. வாடைக் காலத்தில் நீரோட்டம் திரும்பும்போது ஊரூர் குப்பமும் பெசன்ட் நகர்க் கடற்கரையும் அதை வாங்கிக்கொள்கின்றன. கடலில் கரைத்துவிடலாம் என்று உண்மையாகவே திட்டமிட்ட ஊர்கள் எப்படிச் செய்தன என்று அவர் பார்த்திருக்கலாம். மும்பையில் வொர்லியிலும் பாந்த்ராவிலும் கழிவுநீர்க் குழாயைக் கடலுக்கு அடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டியிருக்கிறார்கள். அதற்கும் விமர்சனம் உண்டு, அது வேறு பேச்சு. கரையில் ஊற்றினால் கரையிலேதான் தங்கும் என்று அந்தக் குழாயைப் போட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது.

2019 நவம்பர் இறுதியில் மழைக்குப் பிறகு மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் கரை நெடுக வெள்ளை நுரை குவிந்ததே, குழந்தைகள் அதில் குதித்து விளையாடிய படங்கள் உலகம் முழுக்கப் போனதே, அந்த நுரை எங்கிருந்து வந்தது? ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய கழிவும் சோப்பு நீரும் அலையில் அடிபட்டு நுரைத்தன. கடல் அதைக் கரைக்கவில்லை, கரைக்கே திருப்பி அனுப்பியது. ஒவ்வொரு பெருமழைக்குப் பின்னும் பட்டினப்பாக்கம் மணலில் மலைபோல ஒதுங்கும் ஆகாயத்தாமரையும் அதே சாக்கடையின் நைட்ரஜனையும் பாஸ்பேட்டையும் தின்று கொழுத்ததுதான்.

உப்பும் வெயிலும் கிருமியைக் கொன்றுவிடும் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். தெளிந்த நீரில், நல்ல வெயிலில் ஈ.கோலை சில மணி நேரத்தில் பெருமளவு சாகும் என்பது உண்மை. கலங்கிய கருநீரில் வெயில் ஒரு சாண்கூட இறங்காது. சேற்றில் படிந்த பாக்டீரியா வெகுநாள் தாக்குப்பிடித்து, அடுத்த மழையில் சேறு கலங்கும்போது எழுந்து வரும். மஞ்சள் காமாலையைத் தரும் ஹெபடைடிஸ் ஏ வைரஸ் கடல்நீரில் பாக்டீரியாவைவிட நீண்ட காலம் உயிரோடு இருக்கும். காலராவைத் தரும் விப்ரியோ கிருமிக்கு உவர்நீர்க் கழிமுகம்தான் சொந்த வீடு. நுண்ணிய மிதவை உயிரிகளின் மேல் ஒட்டிக்கொண்டு அது அங்கே காலம் தள்ளும். உப்பைக் காட்டி அதைப் பயமுறுத்த முடியாது. மட்டியும் ஆளியும் நாள் முழுவதும் நீரை வடிகட்டி இரை தேடும் உயிர்கள், நீரில் சிதறிக் கிடக்கும் கிருமி அவற்றின் உடலில் சேர்ந்து செறிகிறது.

இனி குடிசைகள். கட்டுரையில் என்னை மிகவும் காயப்படுத்திய பகுதி இது. ஆறு கெட்டதற்குக் கரையில் வாழும் ஏழைகள் காரணம் என்று ஆதாரம் எதுவும் காட்டாமல் எழுதுகிறார். கூவம் சீரமைப்புக்காக அகற்ற வேண்டியவை என்று அரசு கணக்கெடுத்த குடும்பங்கள் 14,257. குடும்பத்துக்கு நாலரைப் பேர் என்றால் ஏறத்தாழ 64,000 பேர். 2011 கணக்கெடுப்பின்படி விரிவாக்கப்பட்ட சென்னை மாநகராட்சியின் மக்கள்தொகை 66 லட்சத்துக்கும் மேல். அந்தக் குடிசை மக்கள் மற்றவர்களுக்குச் சமமாகத் தண்ணீர் செலவழித்தார்கள் என்று வைத்துக்கொண்டாலும் நகரத்தின் கழிவில் அவர்கள் பங்கு நூற்றில் ஒன்றுதான். லாரிக்குக் காத்திருந்து குடத்தில் தண்ணீர் பிடிப்பவர்களும், மாடியில் தொட்டி வைத்து மூன்று குளியலறைகளில் குழாய் திறப்பவர்களும் ஒரே அளவு செலவழிப்பதில்லை. எனவே உண்மையான பங்கு அதற்கும் கீழே. அவர்களில் பெரும்பாலோரைப் பெரும்பாக்கத்துக்கும் மற்ற மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். பிள்ளைகளின் பள்ளி, ஆண்களின் கூலி வேலை, பெண்களின் வீட்டு வேலை எல்லாம் அறுந்துபோயின. கூவம் வெளுத்ததா? 2022இன் 345 மில்லிகிராம், இந்த வெளியேற்றங்களில் பெரும்பகுதி முடிந்த பிறகு வந்த எண்.

மிச்சத் தொண்ணூற்றொன்பது எங்கிருந்து வருகிறது என்று தெரிய வேண்டுமா? மே மாதத்தில், மழை பெய்து பல வாரம் ஆன ஒரு நண்பகலில், ஆற்றங்கரையில் நடந்துபோய் மழைநீர் வடிகால்களின் வாயைப் பாருங்கள். சென்னையில் கழிவுநீருக்கும் மழைநீருக்கும் தனித்தனிக் குழாய் என்பதுதான் ஏற்பாடு. மழையே இல்லாத நாளில் மழைநீர் வடிகாலில் ஒரு சொட்டும் ஓடக் கூடாது. ஓடுகிறது, கருப்பாக. அடுக்குமாடிகள், உணவகங்கள், விடுதிகள், அலுவலகங்கள் முறைகேடாகக் கொடுத்த இணைப்புகள் அதில் இருக்கின்றன. தெருக்குழாய் அடைத்துக்கொண்டால் கழிவைத் திருப்பிவிட வடிகாலில் போட்ட ஓட்டைகள் இருக்கின்றன. உந்து நிலையத்தில் மின்சாரமோ மோட்டாரோ நின்றால் வழிந்தோடும் கழிவும் அங்கேதான் வந்து சேரும். 2011இல் 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக மாநகராட்சி விரிந்தபோது சேர்ந்த பல பகுதிகளில் பாதாளச் சாக்கடையே இல்லை. அங்கே வீட்டுத் தொட்டியிலிருந்து உறிஞ்சும் லாரிகளில் சில இரவில் எங்கே காலி செய்கின்றன என்பது அந்தத் தெருக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். இதில் எதைச் செய்தவரும் குடிசையில் வாழவில்லை.

பணம் இல்லை என்கிறார். மீஞ்சூரில் 2010இல், நெம்மேலியில் 2013இல், மறுபடி நெம்மேலியில் 2024இல் என்று கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்களைக் கட்ட இந்த நகரத்திடம் பணம் இருந்தது. நாளுக்கு 40 கோடி லிட்டர் தரும் இன்னொன்று பேரூரில் கட்டப்படுகிறது. ஆயிரம் லிட்டர் கடல்நீரிலிருந்து உப்பைப் பிரிக்க மூன்று, நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. அதே அளவு சாக்கடையை வழக்கமான முறையில் சுத்திகரிக்க ஒரு யூனிட்கூட ஆகாது. கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் 2019இல் தொடங்கிய நிலையங்கள் நாளுக்குத் தலா 4.5 கோடி லிட்டர் கழிவுநீரை மூன்றாம் நிலை வரை சுத்திகரித்துத் தொழிற்சாலைகளுக்கு விற்கின்றன. மணலியில் உரத் தொழிற்சாலையும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் 1990களிலிருந்தே நகரத்தின் கழிவுநீரை வாங்கிச் சுத்தப்படுத்திப் பயன்படுத்துகின்றன. கழிவுநீருக்கு விலை கிடைக்கும் ஊரில் அதைக் கடலில் கொட்டிவிட்டு, அதே கடலிலிருந்து பல மடங்கு செலவில் குடிநீர் எடுக்கச் சொல்வது சிக்கனமா?

அவருடைய யோசனை புதிதும் அல்ல. 1967இல் அண்ணா ஆட்சியில் தொடங்கிய கூவம் சீரமைப்புத் திட்டத்தில் ஆற்றை ஆழப்படுத்தினார்கள், கரை கட்டினார்கள், முகத்துவாரத்து மணலை அகற்றவும் ஏற்பாடு செய்தார்கள். 1973இல் படகும் விட்டார்கள். சாக்கடை மட்டும் நிற்கவில்லை. கொஞ்ச காலத்திலேயே படகு நின்றது. படித்துறைகளின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம். அரை நூற்றாண்டுக்கு முன் தோற்றதை அதே காரணத்தோடு மறுபடி செய்யச் சொல்கிறார். 2019 பிப்ரவரியில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் அடையாறு, கூவம், பக்கிங்காம் கால்வாய் மூன்றையும் காக்கத் தவறியதற்காகத் தமிழ்நாடு அரசு 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டதே, அந்த உத்தரவு பேசியதும் நீரில் கலக்கும் கழிவைப் பற்றித்தான்.

முகத்துவாரம் திறந்திருக்க வேண்டும் என்று மீனவர்களும் கேட்கிறார்கள். அதைத் தன் கட்சிக்குச் சாட்சியாக அவர் இழுத்திருப்பதுதான் அந்தக் கட்டுரையின் மிகப் பெரிய அநியாயம். வெள்ளம் வடியவும், கடலில் பொரித்த மடவைக் குஞ்சும் இறால் குஞ்சும் வளர்வதற்கு உள்ளே வரவும் வாய் திறந்திருக்க வேண்டும். 2015 டிசம்பரில் வெள்ளம் வந்தபோது அதன் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. அவர்கள் கேட்பது மீன் உள்ளே வரும் வழியை. அவர் தருவது மலம் வெளியே போகும் வழியை. முழங்கால் அளவு கழிமுகத்து நீரில் நின்று வீச்சு வலை போடுபவருக்குக் காலில் சொறி, வலையில் பிளாஸ்டிக், மழை தொடங்கும் நாட்களில் சேறு கிளம்பி ஆக்சிஜன் அற்றுச் செத்து மிதக்கும் மீன். பிடித்ததைக் கூடையில் கொண்டுபோகும் பெண்ணிடம் இது ஆற்று மீனா என்று கேட்டுவிட்டு நகரும் வாடிக்கையாளர், அந்த ஆற்றில் கலக்கும் தன் வீட்டுக் கழிவைப் பற்றி ஒருபோதும் நினைப்பதில்லை. இந்தக் குப்பத்து மக்கள் தங்கள் உடம்பாலும் வருமானத்தாலும் நகரத்தின் சுத்திகரிப்புச் செலவைக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் பேச்சை உணர்ச்சி என்று தள்ளும் உரிமை, கடலில் ஒரு பாடும் போகாதவருக்கு இல்லை.

கட்டுரையாளரிடம் நான் கேட்பது ஒன்று. முகத்துவாரத்துக்கு மதிப்பீடு போடும் முன், அடையாற்றில் நந்தம்பாக்கத்திலிருந்து கோட்டூர்புரம் வரை கோடையிலும் நீர் விழும் வடிகால் வாய்கள் எத்தனை, ஒவ்வொன்றின் பின்னாலும் எந்தெந்தக் கட்டடங்களின் இணைப்பு இருக்கிறது என்ற பட்டியலைத் தயாரித்து வெளியிடச் சொல்லி மாநகராட்சியையும் குடிநீர் வாரியத்தையும் கேளுங்கள். பொறியாளராக உங்கள் பேச்சுக்கு அங்கே மதிப்பு இருக்கும். குழாய்வாரியாக, தெருவாரியாக அந்தப் பட்டியல் வரட்டும். எந்த இணைப்பை யார் எந்தத் தேதிக்குள் பாதாளச் சாக்கடைக்கு மாற்றுவார்கள் என்று அதிலேயே எழுதியிருக்கட்டும். தூண்டில் வளைவைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.